குசினி மேசைக்கு எடுத்த அளவு

குசினிக்கு ஒரு மேசை வரப்போகிறதென்று சந்திரவதனா ஐந்து மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை வரவில்லை, சுடுகிற துவக்கு வந்தது. துவக்கைக் கொண்டுவந்தவர் மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நடந்தது எழுபத்தைந்தாம் ஆண்டில். மெல்போர்னின் ஸ்பிரிங்வேலில் அந்த நாளில் தமிழ் வீடுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று இரத்தினசிங்கத்தின் வீடு. சிங்கம் ரயில்வேயில் படவரைஞர். ஆறடி உயரம், சட்டைப் பையில் எப்போதும் கூராகச் சீவிய பென்சில். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எதிரே இருக்கிறவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பிள்ளைகள் இல்லை. மனைவி வதனா ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் பதிவேடுகளை அடுக்கும் வேலை பார்த்தாள். மாலையில் இருவரும் வீட்டுக்கு வந்தால், பேசுகிற வேலை முழுவதும் அவளுடையது. "ஓம்", "இல்லை", "பாப்பம்" என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு அந்த மனிதர் பதினொரு வருடம் குடும்பம் நடத்தினார் என்றால் மிகையில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு வாய் திறக்கும். துவக்கு. ஊரில் கல்லோயா அணை வேலையில் இருந்த காலத்தில் பிடித்த பைத்தியம், கப்பலேறிக் கூடவே வந்துவிட்டது. வார இறுதியில் மகேந்திரராஜா என்ற இளம் பொறியியலாளர் வருவார். சிங்கண்ணை என்று உயிரை விடுவார். இருவரும் முன்னறைக் கதிரைகளில் உட்கார்ந்து துவக்குப் பட்டியல்களை விரித்தால், தேத்தண்ணி ஆறிப்போகும்.

"மான் சுடுற துவக்கிலை பின்னுக்கும் குறி இருக்கு, முன்னுக்கும் குறி இருக்கு. ஆறுதலாப் பாத்துச் சுடலாம்" என்பார் சிங்கம். "பறக்கிறதைச் சுடுறதுக்கு அது சரிவராது. சுடுற ஆளின்ரை கண்தான் பின் குறி. துவக்கைத் தூக்கித் தோளிலை வைச்ச உடனை கண் தானா நேருக்கு வந்து நிக்கவேணும். அதுக்குச் சோங்கு ஆளுக்குப் பொருந்தவேணும். நீளம் பொருந்தவேணும், சரிவு பொருந்தவேணும், வலக்கைக்காரனெண்டால் ஒரு பக்கம் துளி வளைவு, இடக்கைக்காரனெண்டால் மற்றப் பக்கம். இல்லாட்டில் எவ்வளவு நல்ல சாமானெண்டாலும் அது வெறும் விறகு."

தோளில் பதியும் மரத்துண்டுக்கு இவ்வளவு கதையா என்று வதனா கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தன்னோடு ஒரு மாதத்தில் பேசுவதை மகேந்திரனோடு ஒரு மணித்தியாலத்தில் பேசிவிடுகிறாரே என்று அவளுக்குள் புகையும்.

முதலில் சிங்கமும் தாரா வாத்து வேட்டைக்குப் போனவர்தான். மார்ச் மாதம் அனுமதிக் காலம் திறந்ததும் மகேந்திரனோடு ஏரிக்கரைக்குப் போய் விடியும்வரை தண்ணீரில் நிற்பார்கள். ஒருமுறை கொண்டுவந்த பையைக் கராஜில் அவிழ்த்தபோது, செத்துவிட்டதென்று நினைத்த ஒரு தாரா கழுத்தைத் தூக்கி அவரைப் பார்த்தது. சிதறிய ஈயச் சன்னம் ஒன்றிரண்டு பட்டு இறகு மட்டும் ஒடிந்திருந்தது. அதை அவர் என்ன செய்தார் என்று வதனாவுக்குத் தெரியாது. நெடுநேரம் கழித்துக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அதற்குப் பிறகு தாரா வேட்டைக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "தண்ணிக்கை நிண்டால் கால் நோகுது" என்றார். மனதில் ஒன்று கிடந்தால் அதன்மேல் இப்படி ஒரு முட்டாள் காரணத்தைப் போட்டு மூடிவிடுவது அவருடைய வழக்கம். அதை அவள் அப்போதே கவனித்திருக்கலாம்.

பிறகு மண்தட்டுச் சுடும் சங்கமொன்றில் சேர்ந்தார். இன்றைக்குச் சனங்கள் அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போகிற கேரம் டவுன்ஸ் பக்கம் அந்த நாளில் வெறும் மேய்ச்சல் வெளி. அங்கே பள்ளத்தில் ஒரு பொறி இருக்கும். சுடுகிறவர் குரல் கொடுத்ததும் கோப்பைத் தட்டளவு மண்வட்டு ஒன்றை அது வானத்தில் வீசும். பறவை எழும்புகிற மாதிரியே எழும்பும், பட்டால் தூளாகும், இரத்தம் வராது. "மண்ணைச் சுட்டு என்னத்தைக் கறி வைக்கிறது?" என்று மகேந்திரன் பகிடி பண்ணிவிட்டுத் தன் பாட்டில் தாராவுக்கும் காடைக்கும் போய்க்கொண்டிருந்தார்.

வதனாவும் சில ஞாயிறுகளில் சங்கத்துக்குக் கூடப் போவாள். ஆண்கள் சுடுவார்கள், பெண்கள் தகரக் கொட்டகையில் தேத்தண்ணி ஊற்றுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு ஒக்டோபரில் ஒருநாள் பெண்களுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. வெள்ளைக்காரிகள் சேர்ந்து வதனாவைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டில் நிறுத்தினார்கள். சிங்கத்தின் துவக்கை யாரோ அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கினாள், தூக்கினாள், யோசிக்காமல் இடது தோளில் வைத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வதனா பிறவியில் இடக்கைக்காரி. ஐந்து வயதில் அந்தக் கையைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஏழு வயதுக்குள் எழுத்து, சாப்பாடு, சாமி கும்பிடுவது எல்லாம் வலக்கைக்கு வந்துவிட்டன. கலியாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் முதல்முதல் பரிமாறும்போது, அவசரத்தில் அகப்பை இடக்கைக்குப் போய்விட்டது. "சோத்தை இடக்கையாலயோ போடுறது?" என்று மாமியார் முழுப் பந்திக்கும் கேட்கக் கேட்டார். சிங்கம் அதே வரிசையில்தான் இருந்தார். இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் அது அருவருப்புத்தான் என்று வதனா அன்றைக்கு முடிவு கட்டினாள். பதினொரு வருடமாக அந்த முள் நெஞ்சில் இருந்தது.

கோட்டில் நின்றபோது முதல் மூன்று தட்டுகளையும் விட்டாள். நாலாவது தூளானது. பிறகு ஐந்தாவது, ஆறாவது. கண் போன இடத்துக்குக் கை தானாகப் போனது. முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு தடவையாவது கை இப்படிச் சொன்னபடி கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. கொட்டகையில் கைதட்டல் கேட்டது. அவள் சந்தோஷத்தில் திரும்பிச் சிங்கத்தைத் தேடினாள். அவர் வேலியோரமாக, வாய் பாதி திறந்தபடி நின்றார்.

வீடு வரும்வரை காரில் அவர் பேசவேயில்லை. நீளமான சோங்கு உதைத்து அவளுடைய இடது கன்னம் கன்றிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஐஸ்பெட்டியிலிருந்து உறைந்த பட்டாணிப் பக்கற் ஒன்றை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய்விட்டார். ஐம்பது பேருக்கு முன்னால் இடக்கையை நீட்டிவிட்டேன், வெட்கப்பட்டுப் போனார் என்று வதனா நினைத்தாள். பட்டாணிப் பக்கற்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

அதற்கு அடுத்த மாதம்தான் மேசைக் கதை. ஒரு சனிக்கிழமை சிங்கம் மடிப்பு அடிமட்டத்தோடு குசினிக்குள் வந்து நின்றார்.

"இஞ்சேரும், ஒருக்கா அந்தச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு வாரும்."

"என்னத்துக்கு?"

"உமக்குக் குசினிக்கு ஒரு மேசை செய்யப்போறன். கையின்ரை அளவு வேணும்."

"மேசைக்கு என்னத்துக்குச் சுவெட்டர்?"

"குளிர் காலத்திலையும் சமைக்கிறனீரெல்லோ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவெட்டரைப் போட்டு வந்தாள். முழங்கையை மடக்கச் சொன்னார். "மற்றக் கை" என்று சொல்லி இடக்கையை எடுத்தார். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதற் கணுவரை அடிமட்டத்தை வைத்து இரண்டு தடவை அளந்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிச் சேர்த்து நடுவில் ஒரு துவாரம் விட்டு, அதற்குள்ளால் தண்ணீர்க் குழாயைப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடச் சொன்னார், பிறகு மற்றக் கண்ணை. குழாய் எப்போது தெரிகிறது, எப்போது மறைகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"இதென்ன, மேசையோ கண்ணாடியோ?" என்றாள்.

"உயரம் பாக்க" என்றார்.

கலியாணம் செய்த நாளிலிருந்து அவர் அவளுக்கென்று ஒரு சாமான் தன் கையால் செய்யப்போகிறார் என்பதில் வதனாவுக்கு மனம் குளிர்ந்துபோனது. டிசம்பர் போனது, ஜனவரி போனது. மேசையைப் பற்றி மூச்சு இல்லை. கேட்டால் "பாப்பம்". மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை அவர் வேலையால் வந்தபோது கையில் நீளமான கறுப்புப் பெட்டி. புதுத் துவக்கு! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைக்கு வழியில்லை, தனக்கு ஒரு துவக்கு.

சிங்கம் பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்தார். குசினி வாசலில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"ஞாயிற்றுக்கிழமை என்னோட வாறீரோ?"

"நான் வரேல்லை" என்றாள் வதனா, திரும்பிப் பார்க்காமலே. "உங்கட ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்திறதுக்கு வேறை ஆளைப் பாருங்கோ."

அவர் "சரி, பாப்பம்" என்று போய்விட்டார். அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு, வரைபலகைக்கு முன்னால் கதிரையில் இருந்தபடியே சிங்கத்தின் இதயம் நின்றுவிட்டது. கையில் பென்சில் இருந்ததாம்.

அந்த நாளில் மெல்போர்னில் நமக்கொரு கோயிலுமில்லை, ஐயருமில்லை. தேவாரம் தெரிந்த சச்சிதானந்தன் என்ற விரிவுரையாளர்தான் செத்தவீட்டுக்கும் வருவார், பூப்புனித நீராட்டுக்கும் வருவார். முப்பத்தோராம் நாள் அவர் வந்து விளக்கேற்றிப் பாடிவிட்டு, "அவர் பாவிச்ச சாமானுகளை அவரின்ரை பேரிலை ஆருக்கும் குடுத்துவிடு பிள்ளை. வீட்டிலை வைச்சிருக்கக் கூடாது" என்றார். குடை, சப்பாத்து, வேட்டி, கைக்கடிகாரம் எல்லாம் ஒரு தட்டில் வந்தன. துவக்கும் வீட்டில் இருக்க முடியாதாம். அனுமதிப் பத்திரம் உள்ளவர் இல்லாத வீட்டில் அதை வைத்திருக்க வேண்டாமென்று உள்ளூர்ப் பொலிஸ்காரர் முந்தின வாரமே வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வதனா அலுமாரிக்கு மேலிருந்து கறுப்புப் பெட்டியை இறக்கினாள். திறக்கவில்லை. துக்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். செத்த மனிதரோடு கோபிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, பதினொரு வருடம் வாழ்ந்தவளுக்கு மட்டும்தான் அந்த உரிமை உண்டு என்பதுதான் பதில். மகேந்திரன் இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினார். "சிங்கண்ணையின்ரை துவக்கு" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஜூன் நடுப்பகுதியில் தொலைபேசி அடித்தது. சிட்னி ரோட்டில் துவக்குக் கடை வைத்திருக்கும் ஹாலொரன் என்ற கிழவர். மிஸ்டர் சிங்கம் இருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிங்கம் போய்விட்டதை வதனா சொன்னாள்.

"மன்னிக்க வேண்டும், எனக்குத் தெரியாது" என்றார் கிழவர். "கடைசிச் சரிபார்ப்புக்கு உங்களைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார். காணவில்லையே என்றுதான் எடுத்தேன். துவக்கு உங்களுக்குப் பொருந்துகிறதா?"

"எனக்கா?" என்றாள் வதனா.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. ரயிலேறி, டிராமேறிக் கடைக்குப் போனாள். ஹாலொரன் தடித்த கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், விரல்களில் எண்ணெய்க் கறை. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஓர் அட்டையை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தார். பென்சிலால் ஒரு துவக்கின் படம். கோடுகள் அவ்வளவு சுத்தம். எழுத்தைப் பார்த்ததுமே அவளுக்கு யாருடையதென்று தெரிந்துவிட்டது. சிங்கம் ரயில் பாலங்களுக்கு எழுதுகிற அதே அச்செழுத்து.

ஆள்: என் மனைவி. கை: இடது. கண்: இடது. சோங்கு நீளம்: பதின்மூன்று அங்குலம், சுவெட்டரோடு.

சுவெட்டர் என்ற சொல்லில் அவளுடைய கண் நின்றுவிட்டது. குசினி, அடிமட்டம், தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேசைக்கென்று எடுத்த அளவு எதற்கு எடுத்த அளவென்று அப்போதுதான் விளங்கியது. கிழவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"போன வருடம் ஒரு திங்கட்கிழமை, நான் கடை திறப்பதற்கு முன்னமே வாசலில் நின்றார்" என்றார். "'என் துவக்கு என் மனைவியின் முகத்தை அடித்துவிட்டது. அவளுக்கு ஒன்று வேண்டும்' என்றார். பாரம் குறைந்தது, சின்னக் குழல், மேலும் கீழுமாக இரட்டைக் குழல். இடக்கைக்கென்றால் சோங்கை மற்றப் பக்கமாக வளைக்க வேண்டும், நிச்சயமாக இடக்கைக்காரியா என்று கேட்டேன். 'எழுதுவதும் சாப்பிடுவதும் வலக்கை' என்றார். அப்படியென்றால் செய்ய முடியாது என்றேன். அப்போதுதான் சொன்னார். அந்தக் கையைச் சின்ன வயதில் கட்டிவைத்தார்களாம். கலியாணத்தன்று சாப்பாட்டில் ஒருவர் அவமானப்படுத்தினாராம். 'நான் பக்கத்தில் இருந்தேன். வாய் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை' என்றார். நான் கேட்காமலே சொன்னது அது ஒன்றுதான்."

வதனா அட்டையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"'அவள் சுட்ட மாதிரி இருபது வருடத்தில் நான் சுட்டதில்லை' என்றார். அதை வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டேன். 'எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அதுதான் உங்களிடம் வந்தேன்' என்றார்." கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தன்னுடைய துவக்கை இதற்கு ஈடாகத் தந்துவிட்டுப் போனார். சோங்குக்கு மரம் தெரிந்தெடுக்க ஒரு சனிக்கிழமை முழுவதும் இங்கேயே இருந்தார்."

வதனா வாய்விட்டு அழுதாள். பிறத்தி மனிதர் என்றும் பார்க்கவில்லை, கடை என்றும் பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்தாளே, அது வாயடைத்துப் போன சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை வாறீரோ என்று கேட்டாரே, அதைக் கேட்பதற்காக அந்த மனிதர் ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறார். அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள்!

அன்று பின்னேரமே மகேந்திரன் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி கிரிஜா கதவைத் திறந்தாள். மகேந்திரன் அக்காவைக் கண்டதும் எழும்பி வந்தார். வந்த விஷயத்தை அவள் தொடங்குவதற்குள் அவரே துவக்கைப் பற்றித் தொடங்கிவிட்டார்.

"அக்கா, உங்களுக்குச் சொல்லக்கூடாது, சிங்கண்ணையை ஆரோ நல்லா ஏமாத்திப் போட்டாங்கள். தாராவுக்குக் கொண்டுபோனன், ஒண்டும் படேல்லை. எல்லா வெடியும் இடப்பக்கம் போகுது. பாத்தால் சோங்கு கோணல்! கட்டையும் கூட, சின்னப்பிள்ளையின்ரை துவக்கு மாதிரி. அவ்வளவு விளக்கமுள்ள மனிசன் இதை எப்பிடி வாங்கினவரெண்டு எனக்கு விளங்கவேயில்லை."

"இப்ப எங்கை அது?" என்றாள் வதனா.

"திருத்தியாச்சு அக்கா! போன மாதம் ஒரு ஆளைப் பிடிச்சு, எண்ணெய் காய்ச்சி ஊத்தி மற்றப் பக்கம் வளைச்சு எடுத்தனான். பின்னுக்கும் ஒண்டரை அங்குலம் மரம் வைச்சு நீட்டினது. இப்ப சோக்கா இருக்கு."

பூட்டைத் திறந்து துவக்கை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். சிங்கண்ணையின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவர் முகத்தில். வதனா அதை முதல்தடவையாகப் பார்த்தாள். கருங்கோடுகள் ஓடிய செம்மரம். பின்னால் ஒட்டிய துண்டு வேறு நிறம். மெல்லத் தூக்கி இடது தோளில் வைத்தாள். கை எட்டவில்லை. கன்னம் பதிய வேண்டிய இடத்தில் மரம் இடித்தது. கண் எங்கேயோ பார்த்தது, குழல் எங்கேயோ பார்த்தது.

"தம்பி, இதை எனக்குத் திருப்பித் தரவேணும்."

கிரிஜாதான் முதலில் பேசினாள். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. முப்பத்தொண்டிலை அண்ணையின்ரை பேராலை தந்த சாமான். அதைத் திருப்பி வாங்கினால் அவரின்ரை ஆத்துமாவுக்கு நல்லதில்லை எண்டு சொல்லுவினம்."

"அது அவர் பாவிச்ச சாமானெண்டால்தானே குடுக்கிறது" என்றாள் வதனா. "இது அவரின்ரை இல்லை, கிரிஜா. என்ரை. எனக்கெண்டு என்ரை கையை அளந்து செய்விச்சது. என்ரை இடக்கையை."

அட்டையை எடுத்து மகேந்திரனிடம் நீட்டினாள். அவர் வாசித்தார். தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"ஐயோ அக்கா, நான் என்ன வேலை செய்துபோட்டன்!"

"நீர் ஒண்டும் செய்யேல்லை. திறந்து பாக்காமல் தூக்கிக் குடுத்தவள் நான்."

மகேந்திரனே தன் காரில் அவளையும் துவக்கையும் ஹாலொரனிடம் கொண்டுபோனார். கிழவர் சோங்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு தடவை சூடு கண்ட மரம், மூன்றாவது தடவை வளைத்தால் பிளந்தாலும் பிளக்கும் என்றார். ஒட்டியதை அறுத்து நீளத்தைச் சரிசெய்யலாம், வளைவை ஒன்றும் செய்ய முடியாது. "அட்டை இருக்கிறது. அதே அளவில் புது மரத்தில் ஒன்று செய்து தருகிறேன். எனக்குக் கூலி வேண்டாம்."

"அது அவர் தெரிந்தெடுத்த மரமாக இருக்காதே" என்றாள்.

கிழவர் சோங்கைக் கீழே வைத்தார்.

"ஒட்டியதை மட்டும் அறுத்துவிடுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும்."

"உங்களுக்குப் பொருந்தாது, மிஸஸ் சிங்கம். முகத்தில் அடிக்கும்."

"பரவாயில்லை. எனக்குப் பழக்கம்" என்றாள் வதனா. உண்மைதான். அகப்பைக்கும் பேனைக்கும் பிறருடைய கண்ணுக்கும் தன்னை வளைத்து வளைத்தே முப்பத்தைந்து வருடம் போயிருந்தது. அவளுடைய அளவுக்கென்று உலகத்தில் ஒரே ஒரு சாமான் செய்யப்பட்டது. அதையும் அவளே பெட்டி திறக்காமல் தானம் கொடுத்துவிட்டாள். அழுதாலும் புரண்டாலும் அது இனித் திரும்பாது.

அனுமதிப் பத்திரத்துக்கு ஹாலொரன் பொலிஸ் நிலையத்துக்குக் கூடவே வந்தார். எல்லாம் கைக்கு வர ஓகஸ்ட் ஆகிவிட்டது. முதல் ஞாயிறு காலை வதனா பழைய சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, மகேந்திரனின் காரில் கேரம் டவுன்ஸ் வெளிக்குப் போனாள். குளிர் காற்று வீசியது. கொட்டகைப் பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் தேத்தண்ணி ஊற்றப் போகவில்லை, நேரே கோட்டுக்குப் போனாள்.

துவக்கைத் தூக்கி இடது தோளில் வைத்தாள். நீளம் அச்சொட்டாகப் பொருந்தியது. அந்தப் பதின்மூன்று அங்குலம் மட்டும் அவர் அளந்தபடியே இருந்தது. வளைவு அவளுக்கு எதிராக நின்றது. கழுத்தைச் சரித்து, கன்னத்தை மரத்தில் பலமாக அழுத்தி, கண்ணைக் குழலுக்கு மேலே கொண்டுவந்தாள். குரல் கொடுத்தாள். இருபத்தைந்து தட்டு எழும்பின. ஆறு உடைந்தன. ஒவ்வொரு வெடிக்கும் சோங்கு கன்னத்தில் அடித்தது, அவள் அசையவில்லை. ஆறாவது தூளானபோது, தன்னை அறியாமல் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மகேந்திரன் மட்டும் நின்றார்.

மறுநாள் மாலை கிரிஜா கொஞ்சம் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தாள். குசினிக்குள் வைத்துவிட்டுத் திரும்பியவள் திடுக்கிட்டு நின்றாள். வதனாவின் இடது கன்னம் நீலம் பாரித்து வீங்கிக் கிடந்தது.

"ஐயோ அக்கா, என்ன முகத்திலை?"

வதனா பாத்திரத்தை எடுத்து, இடக்கையால் சொதியைக் கோப்பையில் ஊற்றினாள். ஒரு துளியும் சிந்தவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை அவரோட போனனான்" என்றாள்.